வந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மகன்

1.

இந்தக் கதை நான் அடித்த ஒரு கோட்டிலிருந்து பிறந்தது. 2008ஆம் ஆண்டு மாத்தளை நகரில், மகேந்திரராஜா என்ற சட்டத்தரணியிடம் எழுத்தராக இருந்தேன். இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் ஐந்து பேரை விடுவிக்கக் கேட்கும் மனுவுக்கான பட்டியல் எங்களிடம் இருந்தது. அதில் மூன்றாவது பெயரைக் கோடு போட்டு அடித்தேன். அந்தப் பையன் வீட்டுக்கு வந்துவிட்டதாக எனக்குச் சொல்லப்பட்டது. அவன் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம், இனி வருவதெல்லாம் என் மனச்சாட்சி போடுகிற வேஷம்.

முதல் வரிக்கு ஏழு தடவை முயன்றேன். ஒன்று இதோ:

இரத்தோட்டை மலைகளில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலை, புஷ்பவதி

விட்டுவிட்டேன். மலையகத்தைப் பற்றி எழுதப் புறப்படுகிறவன் எல்லாம் முதலில் பனியைத்தான் இறக்குகிறான். [ஆனால் அன்று உண்மையிலேயே பனி இருந்தது. அவள் ஜெபிக்கப் போகிற சபைக்குள்ளும் புகுந்து, பாடுகிறவர்களின் முழங்கால்வரை நின்றதாம். நான் என்ன செய்ய?]

2.

புஷ்பவதி கொழுந்து பறிப்பவள், நாற்பத்தாறு வயது, புருஷன் இல்லை. ஒரே மகன் முத்துவீரன், தம்புள்ளையில் லொறிகளிலிருந்து மரக்கறி மூட்டை இறக்கப் போனவன். அங்கேதான் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நாற்பது நாளாகிவிட்டது. முகாம் வாசலில் முதலில் 'இங்கே இல்லை' என்றார்கள். அடுத்த தடவை 'இருக்கிறான், பார்க்க முடியாது' என்றார்கள்.

அவள் போகிற சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வருமுன்பே, வந்துவிட்டதென்று எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்கிறவர் கருப்பட்டி கொண்டுவந்து எல்லோருக்கும் உடைத்துக் கொடுக்க வேண்டும். ஆண்டவர் கொடுக்கிறவர்தான், கை நீட்டாதவனுக்கு அவர் வாயிலா ஊட்டுவார் என்பது போதகர் தர்மராஜாவின் கட்சி.

[போதகரைப் பற்றி: முதல் பிரதியில் இவரை ஒரு புளுகராக எழுதினேன். வசதியாக இருந்தது, பழி என் தலையிலிருந்து இறங்கியது. ஆனால் அவளோடு முகாம் வாசலில் மூன்று தடவை வெயிலில் நின்றவர் இவர். நான் ஒரு தடவையும் போகவில்லை. ஆகவே புளுகரை வெட்டிவிட்டேன்.]

3.

"எம் மகன் வந்துட்டான். ஸ்தோத்திரம்," என்றாள் புஷ்பவதி.

சொன்னதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் வேறு யாருடைய வீட்டிலோ கேட்பது போலிருந்தது. பனிக்குள் முத்துவீரன், லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் பீலிக் குழாயிலிருந்து விழும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் செய்வது போலவே ஒரு காலின் சேற்றை மறு குதிகாலால் தேய்த்தான். "தொடைக்கத் துணி எங்கம்மா?" என்றான். அவள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னாள். நாற்பது நாளில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

கருப்பட்டி வாங்கியவர்களில் வேலம்மா ஒருத்தி. சபைக்குப் புதிதாய் வந்தவள், வழக்கம் தெரியாதவள். அவள் புருஷன் மாரிமுத்துதான் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர். அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவரும் அவரே.

"ஏங்க, புஷ்பா அக்கா மகன் வந்துட்டானாம்! கருப்பட்டி கூட குடுத்தாங்க," என்று வேலம்மா வீட்டுக்கு ஓடினாள்.

மாரிமுத்து சந்தோஷத்தில் அழுதேவிட்டார். மறுநாள் எங்கள் காரியாலயத்துக்கு ஃபோன் பண்ணினார். நான் கோடு அடித்தேன். எனக்கும் அன்று சந்தோஷம்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

4.

பத்து நாள் கழித்து, மனுவில் பெயர் இருந்த நாலு பையன்கள் திரும்பி வந்தார்கள். லயத்தில் பட்டாசு வெடித்தது. புஷ்பவதி நாலு முகத்தையும் பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு மாரிமுத்துவிடம் போனாள்.

"தலைவரே, எம் மகன் பேரு?"

"நீங்கதானே அக்கா சபையில சொன்னீங்க, வந்துட்டான்னு?" வாய் மூடுமுன்னே அவருக்கு விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கே மாத்தளைக்குப் போங்க. அவன் வரலன்னு ஒங்க வாயால சொல்லணும். அப்பதான் புதுசா மனு போடுவாங்க."

போகும் வழியில் போதகரிடம் நின்றாள்.

"சொன்னத மாத்தாதீங்க அக்கா," என்றார் அவர். "ஏந்துன கைய எறக்குனா, குடுத்தது கீழ போயிரும்."

சொன்னால் விசுவாசம் போகும். சொல்லாவிட்டால் மகன் போவான். இரத்தோட்டையிலிருந்து மாத்தளைவரை பஸ்ஸில் இந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வெளியே மிளகுக் கொடிகளும் ஏலக்காய்க் காடும் பனியில் கரைந்து கரைந்து போயின.

5.

நான்தான் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரன், சுற்றிவளைத்துப் பேச வராது.

"அம்மா, மகன் வந்திட்டாரோ, இல்லையோ? ஒண்டச் சொல்லுங்கோ."

[இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். போதகரைச் சபிக்கவைத்துப் பார்த்தேன். ஒரு பிரதியில் என் கன்னத்தில் அறையக்கூட விட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. எதிலும் அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.]

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"ஆண்டவர் குடுத்துட்டாருங்க ஐயா. முகாம்காரங்கதான் இன்னும் குடுக்கல. அத எழுதுங்க."

மனுவில் ஆண்டவருக்கு இடமில்லை. 'இதுவரை விடுவிக்கப்படவில்லை' என்று மட்டும் எழுதிக் கைநாட்டு வாங்கினேன்.

6.

அடுத்த மாதம் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. மனு என்னவாயிற்று என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

முடிவு ஒன்று: பின்னேர பஸ்ஸிலிருந்து முத்துவீரன் இறங்குகிறான். மெலிந்திருக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது, லயத்தை நோக்கி

முடிவு இரண்டு: போர் முடிந்துவிட்டதென்று ஊரெல்லாம் வெடி கொளுத்துகிறார்கள். புஷ்பவதி கதவைச் சாத்திக்கொண்டு

முதலாவதை எழுதி முடிக்க எனக்கு விசுவாசம் போதவில்லை. இரண்டாவதை எழுதி முடிக்க நெஞ்சு போதவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். இரத்தோட்டைப் பக்கம் போனால் அவளைப் பாருங்கள். மகன் வந்தானா என்று கேட்காதீர்கள். மகன் சுகமா என்று கேளுங்கள். அவள் சொல்கிற பதிலை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் பாதியைத்தான் எழுதினேன்.