பாறைக்குள்ளிருந்து ஒரு டொக்

பல் மருத்துவர் தன் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் கடல்மீன் தொட்டி வைத்தது தம்பியின் பேச்சைக் கேட்டுத்தான். "மீனைப் பார்த்துக்கிட்டே இருந்தா பேஷண்டுக்குப் பயம் போயிடும்க்கா" என்றான். அவன் கணினி வேலை பார்ப்பவன். நாலு மாதம் மீன் வீடியோக்களாகப் பார்த்திருந்தான். அதாவது, கடலையே கரைத்துக் குடித்தவன்.

ஒரு திங்கட்கிழமை, பவளம் ஒட்டிய புதுப் பாறை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்குள் இறக்கினான். புதன்கிழமை சத்தம் ஆரம்பித்தது. டொக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டொக். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஒரு தலைமையாசிரியர் கையைத் தூக்கி வேலையை நிறுத்தச் சொல்லி, "என் பல்லா டாக்டர்?" என்று கேட்டார். பயத்தைப் போக்க வந்த தொட்டி பேஷாக வேலை செய்தது.

ஐந்து நீலக் குட்டி மீன்களில் ஒன்றைக் காணவில்லை என்பதும் அன்றுதான் தெரியவந்தது. தம்பி அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்து, பாறையில் இருந்த பொந்தைப் படம் எடுத்தான். படத்தில் இருட்டும் இரண்டு மீசையும் இருந்தன. மீன் வளர்ப்போர் குழுவில் போட்டான். ஏழு நிபுணர்கள் ஒன்பது பதில் சொன்னார்கள். கடைசியில் குழுவின் பெரியவர் தீர்ப்பு வழங்கினார்: மான்டிஸ் இறால்.

"அக்கா, அது கொலைகாரன்க்கா. ஓங்கி ஒரு குத்து விட்டா நத்தை ஓடே நொறுங்கிடும். கண்ணாடிகூட உடையும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்."

தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த வரவேற்பாளர் நாற்காலியைத் தண்ணீர் கேன் பக்கம் நகர்த்திக்கொண்டார். தம்பி அதற்குள் கண்ணாடியில் ஊர்ந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டான். "ஐயோ, குட்டி வேற போட்டிருக்கு!"

பேனைப் பெருமாளாக்குவதில் தம்பிக்கு இணை தம்பிதான் என்பது அக்காவுக்கு அவன் பால்பல் விழுந்த நாளிலிருந்தே தெரியும். சொத்தையைப் பார்க்கப் போடும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியருகே குனிந்தார். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு துளி போல இருந்தது. தலையில் இரண்டு உணர்கொம்புகள், குட்டி வால். அவன் காட்டிய அதே வீடியோக்களில் வந்த, கோபிபாட் என்னும் நுண்ணிய நீருயிரி.

"டேய், இது மீனுக்குச் சாப்பாடு. நீயேதான் போன மாசம் இது வரலையேன்னு அழுதே."

"அப்போ அந்த டொக்?"

"எக்ஸ்ரே பார்க்காம நான் யார் பல்லையும் பிடுங்கறதில்லை. முதல்ல அதை வெளியே எடுத்துப் பார்ப்போம்."

சனிக்கிழமை மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, தொட்டித் தண்ணீர் நிரம்பிய வாளிக்கு மேல் பாறையைத் தூக்கிப் பிடித்தார்கள். தம்பி பொந்துக்குள் சோடா ஊற்றி விரட்டலாம் என்றான். குழுவின் யோசனையாம். மருத்துவர் அவனைப் பார்த்த பார்வையில் சோடா பாட்டில் தானாகவே பைக்குள் போய்விட்டது. அவர் ஊசியில்லாத சிரிஞ்சில் அதே உப்புத்தண்ணீரை எடுத்து, வேர்ச் சிகிச்சை செய்யும் நிதானத்தோடு பொந்துக்குள் பீய்ச்சினார். மூன்றாவது பீய்ச்சலில் பொத்தென்று ஒன்று வாளிக்குள் விழுந்தது. தம்பி சோபாவின்மேல் ஏறிவிட்டான்.

வாய் கொப்பளிக்கும் பேப்பர் கப்பில் அதை மொண்டு பார்த்தார். சுண்டுவிரல் பாதி நீளம். ஒரு கொடுக்கு சின்னது, இன்னொன்று உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் குத்துச்சண்டைக்காரன் கையுறை போல வீங்கியிருந்தது.

"உன் கொலைகாரனுக்குக் கண்ணு எப்படி இருக்கணும்?"

"காம்பு மாதிரி நீட்டிக்கிட்டு மேல நிக்கும்க்கா. முன்னங்காலை மடக்கி மார்போட வச்சிருக்கும்."

"இதுக்குக் கண்ணு ஓட்டுக்கு அடியில இருக்கு. மடக்கின காலும் இல்லை. ஒரே ஒரு பெரிய கொடுக்குதான். இறங்கி வந்து பாரு."

தம்பி கீழே இறங்கினான். கப்புக்குள் சன்னமாக ஒரு டொக் கேட்டது. மறுபடியும் ஏறினான். மேலே நின்றபடியே போனில் தேடிப் பார்த்து, குரல் இறங்கிப்போய்ச் சொன்னான்: "பிஸ்டல் இறால்க்கா. கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடுமாம். பெரும்பாலும் பரமசாது." உடனே நிமிர்ந்தான். "ஆனா மீன் எங்கே போச்சு? அதுக்கு ஒரு பதில் வேணுமில்ல?"

"திங்கட்கிழமையே செத்துப்போச்சு சார்" என்றார் வரவேற்பாளர், டிபன் டப்பாவை மூடியபடி. "நீங்க பாறையை வச்சிட்டு மூடியைப் போடாமப் போயிட்டீங்க. துள்ளி வெளியே விழுந்து, மேஜைக்கு அடியில காய்ஞ்சு கிடந்தது. நான்தான் எடுத்துப் போட்டேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நீங்க உலகத்துல இருக்கிற எல்லாரையும் கேட்டீங்க சார். என்னை மட்டும் கேட்கலை."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனின் முகம் எப்படியிருக்கும் என்பதை மருத்துவர் அன்று பக்கத்தில் நின்று பார்த்தார். சிரிப்பை அடக்க முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். இறாலையும் பாறையையும் தொட்டிக்கே திருப்பி அனுப்பினார். தம்பி குழுவில், 'தீவிர ஆய்வுக்குப் பிறகு நானே கண்டுபிடித்தேன்' என்று எழுதினான். பெரியவர் உடனே, 'நான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டேன்' என்று பதில் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தொட்டிக்கு வலைமூடி செய்து கொண்டுவந்தான். மூன்று தடவை அளந்தானாம். இரண்டு விரற்கடை குறைந்தது. வரவேற்பாளர் அந்த இடைவெளியில் பழைய காலண்டர் அட்டையை வெட்டி வைத்தார். இன்றுவரை அதுதான் இருக்கிறது.