கியருக்குத் தைத்த சட்டை

மேட்டின் பாதியில் பிக்கப் உறுமியதே தவிர வேகமெடுக்கவில்லை. கியர் தானாக மேலே போனது, கீழே வந்தது, மறுபடியும் மேலே போனது. பின்னால் கட்டி இழுத்த டிரெய்லரில் தார்ப்பாய் சுற்றி உட்கார்ந்திருந்தது என் எம்பிராய்டரி மெஷின். பன்னிரண்டு ஊசி. கம்பெனியில் ஏழு வருடம் காலர் மட்டுமே தைத்த எனக்குச் சொந்தமாக ஒன்று. காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மெஷின் எங்கள் வாசலில் நுழையாது என்று கொத்தனார் முன்னறைச் சுவரை இடித்து வைத்திருந்தார். நாளை முதல் அவருக்கு வெளியூரில் வேலை. பன்னிரண்டு அடித்தால் சுவரை எழுப்ப ஆரம்பித்துவிடுவேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தார். இப்போது பதினொன்றே கால்.

டேஷ்போர்டில் சூட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தது, தீய்ந்த வாசனையும் வந்தது. நாத்தனார் வண்டியை ஓரங்கட்டினாள். நான் குதித்து டயருக்குப் பின்னால் கல் வைத்தேன். போன வாரம் வாங்கிய வண்டி. அதற்கு முன் அவள் கையால் கியர் போடும் வண்டிகளைத்தான் ஓட்டியிருக்கிறாள்.

"எந்த கியர்ல போறதுன்னு அதுக்கே முடிவு பண்ண தெரியல அண்ணி. அண்ணன் புடவைக் கடைக்கு வந்த மாதிரி."

போனில் மெக்கானிக், எஞ்சினை அணைக்காமல் பார்க்கிங்கில் போட்டுச் சூடு இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னார். பாரம் இழுக்கும்போது மேல் கியர் விழக்கூடாதாம்; அதற்குக் கியர் கம்பியின் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்குமாம். அப்படி எதுவும் இல்லை என்று நாத்தனார் அடித்துச் சொன்னாள். நல்லா பாருங்கம்மா என்றார் அவர்.

பார்த்தோம். கம்பி முழுக்க, வண்டி வந்த அன்றே நான் தைத்து மாட்டிய சிவப்பு வெல்வெட் உறை, குஞ்சலத்தோடு. ரிமோட்டுக்கும் மாத்திரை டப்பாவுக்கும்கூட உறை போட்டவள் நான்.

"அண்ணி, சட்டையக் கழட்டுங்க."

ரெட்டைத் தையல். என் கைக்கு அன்றுதான் முதல்முறையாகச் சாபம் விட்டேன். பையிலிருந்த பிளேடால் கிழித்ததும் உள்ளே சின்னதாக ஒரு பட்டன்.

விளக்கு அணைய இருபது நிமிடம் ஆனது. அவள் பட்டனை அமுக்கினாள். ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு வண்டி மேட்டை ஏறியது. நான் கத்திய கத்தலில் என் காதே அடைத்தது.

தெருவில் திரும்பும்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. நாத்தனார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சுவரின் ஓட்டையில் இரண்டு வரிசை எழும்பியிருந்தது. கொத்தனார் எங்களைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டு, கலவை ஈரம் காயாத செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே அடுக்கத் தொடங்கினார்.