சொல்லாமல் விட்ட வரி

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்ன கிளினிக்கில் கோதண்டராமன் வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி பார்த்துவந்தான். மெட்ராஸ் போகும்போதெல்லாம் தான் படித்த கல்லூரியின் நூலகத்தில் மூட்டுவலி, தசைவலி பற்றி வந்த புதிய ஆராய்ச்சிகளை ஜெராக்ஸ் எடுத்துவருவான். படித்ததை நோயாளிகளிடம் சொல்லாவிட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

1991, ஆடி மாதம். கம்பெனி கேன்டீனில் அண்டா கழுவும் கங்கம்மாள் வந்தாள். வலது தோளில் ஒரு மாதமாக வலி. கையைத் தூக்கச் சொன்னான். பாதியிலேயே பல்லைக் கடித்தாள்.

"கட்டு போட்டுக்கினு சும்மா இருக்கட்டுமா சார்?"

"அதெல்லாம் பழைய கதைம்மா. எத்தனையோ பேர வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. கைய அசைக்காம வெச்சிருந்தவங்களவிட ஆட்டிக்கிட்டே இருந்தவங்களுக்குத்தான் சீக்கிரம் குணமாச்சாம். வலிச்சாலும் விடாதீங்க."

பெஞ்சில் இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள். இரண்டு பயிற்சிகளைச் செய்து காட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டான்.

மூன்று வாரம் கழித்து, இடது கையால் வலது கையைத் தாங்கியபடி அவள் வந்தாள். கோதண்டராமன் அந்தக் கையை மெல்லத் தூக்கிப் பிடித்து, பிறகு பிடியை விட்டான். பொத்தென்று விழுந்தது. தசைநார் கிழிந்திருக்கிறது என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"என்னம்மா பண்ணீங்க?"

"நீ சொன்னதத்தான் சார். வலிச்சாலும் வுடாதன்ன. அதான் மத்தவளுங்க அண்டாவயும் நானே தூக்கினேன். ரொம்ப வலிச்சா சீக்கிரம் சரியாப்பூடும்னு நெனச்சிக்கினேன்."

அன்று மாலை ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பார்த்தான். பாரமில்லாமல் அசைக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, தசைநார் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்று ஒரு வரி. அதைப் பென்சிலால் கோடிட்டவனும் அவன்தான்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனே அவளை அழைத்துப் போனான். பழைய பலம் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. கேன்டீனில் அவளைக் காய் நறுக்க மாற்றினார்கள். தலை வாரிவிட மகளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவன் எந்த நோயாளியையும் சும்மா அனுப்புவதில்லை. "நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லுங்க" என்பான். சிலர் சிரித்தார்கள். சிலர் சொன்னது அவன் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. இத்தனை நாளாக எத்தனை பேர் இப்படித் தப்பாகக் கேட்டுக்கொண்டு போனார்களோ!

தை பிறந்த வாரம் கங்கம்மாள் பயிற்சிக்கு வந்தபோது, ஒருவழியாகச் சொல்லிவிட்டான்.

"தப்பு என்னோடதும்மா. அந்தத் தாள்ல இருந்ததுல பாதியத்தான் உங்களுக்குச் சொன்னேன்."

"வுடு சார். படிச்சவன், நல்லதுக்குத்தான் சொல்லியிருப்ப. எனக்குத்தான் வெளங்கல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் கையைப் பிடித்து, தோள் மட்டத்துக்கு மேல் இன்னும் ஒரு விரற்கடை உயருமா என்று பார்த்தான். உயரவில்லை.