விளக்கடியில் அண்ணியின் முகம்

பியூட்டி படிக்கிறவள் கையில் ஊதா விளக்கைக் கொடுத்துவிட்டு அவளைச் சும்மா இருக்கச் சொல்லக் கூடாது. கண்டி டவுனில் எங்கள் வகுப்புக்கு அப்படி ஒரு விளக்கு வந்த நாளிலிருந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதற்கடியில் வைத்துப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாததை அது காட்டிக் கொடுக்கும். வறண்ட தோல் ஊதாவாகத் தெரியும். சவர்க்காரத் தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை நீலமாக மின்னும். நகம், பல், வத்தேகம பஸ் டிக்கெட், ஒன்றையும் நான் விடவில்லை. "சுகிர்தா, ஒன்னோட மூளைய வச்சிப் பாரு, என்ன கலர்ல தெரியுதுன்னு" என்று கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

செய்முறைப் பரீட்சைக்கு ஆளுக்கொரு மாடலைக் கூட்டிப்போக வேண்டும். மாடல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முகத்தைக் கொடுத்துவிட்டு அசையாமல் படுத்துக்கிடக்க ஓர் ஆள். நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சிரித்துவிட்டு நழுவினார்கள். கடைசியில் அண்ணன் மனைவி டிலானி அண்ணிதான் ஒப்புக்கொண்டாள். பாஸானால் குண்டசாலையில் ஒரு சலூனில் எனக்கு வேலை தயாராக இருந்தது. இந்தத் தடவை தவறினால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று அவர்கள் சொல்லியாயிற்று.

"முகத்துல ஒன்னும் பூசிக்கிட்டு வராதீங்க அண்ணி. பவுடர், கிரீம், எதுவும் கூடாது."

"சரி, எத்தன தரம் சொல்லுவ?"

பரீட்சை வெள்ளிக்கிழமை வந்தது. தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்த அண்ணி, தாலியில் மட்டும் கை வைக்க விடவில்லை.

"எல்லா நகையும் கழட்டணும் அண்ணி. இங்க சட்டம் அப்படி."

"ஒங்க அண்ணன் நல்லாத்தானே இருக்காரு. இத எதுக்குக் கழட்டணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் தாலிக் கயிற்றை டிஷ்யூவில் சுற்றி மூடினேன்.

பரீட்சகர் மடவளையிலிருந்து வந்த ஸக்கியா மிஸ். திரையை இழுத்து இருட்டாக்கி, நான் விளக்கைப் போட்டேன். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அண்ணியின் முகம் பச்சை கலந்த மஞ்சளாகப் பளபளத்தது. மிஸ் ஓர் அடி பின்னால் போனார்.

"இது பங்கஸ் மாதிரி ஈக்கே. மொகத்துல ஏதாச்சும் பூசினீங்களா?"

"ஒன்னுமே பூசல மிஸ்" என்றாள் அண்ணி, சத்தியம் செய்கிற குரலில்.

"அப்ப தொட ஏலாது மகள். நோயுள்ள தோல்ல கை வெச்சா மத்தவங்களுக்கும் பரவும். நீங்க அடுத்த தரம் வாங்க."

குண்டசாலை வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அந்த நிறத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. தோலில் பங்கஸ் பூஞ்சை பிடித்தால் திட்டுத் திட்டாக அல்லவா இருக்க வேண்டும்? இது ஓர் இடம் விடாமல் பரவியிருந்தது. எங்கே போய் முடிகிறது என்று பார்க்க விளக்கைக் கழுத்துக்கு இறக்கினேன். கழுத்திலும் அதே நிறம். டிஷ்யூ கிழிந்திருந்த இடத்தில் ஏதோ இன்னும் பளிச்சென்று மின்னியது. டிஷ்யூவை உருவினேன்.

"மிஸ், கயித்துக்கும் பங்கஸ் வருமா?"

மிஸ் குனிந்து பார்த்தார். "அது என்ன?"

"தாலிக் கயிறு மிஸ். மஞ்சள் பூசினது." அண்ணியைப் பார்த்தேன். "காலைல மஞ்சள் தேச்சிக் குளிச்சீங்களா?"

"வெள்ளிக்கிழமை மஞ்ச தேய்க்காம எப்படிக் குளிக்கிறது? கயித்துக்கும் சேத்துத்தான் தேச்சேன். பொறகு சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவிட்டேனே."

"பின்ன ஏன் ஒன்னும் பூசலன்னு சொன்னீங்க?"

"அது குளிக்கிறதுதானே. பூசுறதுன்னா பவுடரு, கிரீமு."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கிளவுஸ் போட்டுத் தொடச்சிக் காட்டுங்க. எனக்கும் பாக்க ஆசையா ஈக்கு."

பஞ்சில் எண்ணெய் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு மினுங்க மினுங்க முகத்தில் மஞ்சள் அணைந்துகொண்டே வந்தது. அடியில் இருந்தது அடர்ந்த ஊதா. கன்னமெல்லாம் வறண்டு, வெயில் பட்ட இடங்கள் கறுத்துக் கிடந்தன. காலையிலும் மாலையிலும் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற முகம். பஸ் டிக்கெட்டைக்கூட வைத்துப் பார்த்த எனக்கு, இதை ஒருநாள் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"என்ன தோல்?" என்று கேட்டார் மிஸ்.

"வறண்ட தோல் மிஸ். ரொம்ப நாளா."

"தொடங்குங்க."

என் கை முகத்தில் பட்ட கொஞ்ச நேரத்தில் அண்ணி தூங்கிப்போனாள். இலேசாகக் குறட்டைகூட விட்டாள். அதற்கும் புள்ளி வெட்டுவார்களோ என்று பயந்தேன். முடிந்து வெளியே வரும்போது ஸக்கியா மிஸ் என் காதோடு சொன்னார். "பாஸ்தான் மகள். நகை கழட்டாததுக்கு மட்டும் புள்ளி கொறச்சிட்டன்."

வத்தேகம பஸ்ஸில் அதை அண்ணியிடம் சொன்னேன். அவள் தாலிக் கயிற்றை வெளியே எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொண்டாள்.

"கொறச்சா கொறைக்கட்டும்" என்றாள். "இதக் கழட்டியிருந்தா நீ இப்ப அழுதுகிட்டுல்ல வந்திருப்ப."