எப்போதும் நிறைந்த டேங்க்

லம்ஜெத்தின் காரில் பெட்ரோல் தீர்வதே இல்லை. அளவு காட்டும் முள் அப்படித்தான் சொன்னது. ஊற்றினாலும் நிறைவு, ஊற்றாவிட்டாலும் நிறைவு.

நிச்சயதார்த்தத்தன்று அந்த நிறைவோடுதான் கார் மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் நின்றுபோனது. மாப்பிள்ளையின் மாமா புதுக் கோட்டோடு இறங்கிவந்து தள்ளினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் வலித்தது. கடைசியில், "கல்யாண ஊர்வலத்துக்குப் பொண்ணு நம்ம வெள்ளை வண்டியில வரட்டுமே" என்று மட்டும் சொன்னார்.

நாளைக்குக் கல்யாணம். தங்கை ஒல்ஃபாவைத் தன் காரில்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்பது அப்பா போன நாளிலிருந்து லம்ஜெத்தின் நினைப்பு. ஒல்ஃபாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. முள்ளைச் சரிசெய் என்றுதான் சொன்னாள்.

"டேங்க்கை நிரப்பிட்டா முடிஞ்சுது, முள்ளு எதுக்கு?"

"அன்னிக்கும் நிரப்பிட்டேன்னுதான் சொன்னே. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வெள்ளை வண்டி."

லம்ஜெத் பிஸெர்ட் நகரப் பள்ளியில் பௌதிகம் எடுக்கிறவன். தன் காரின் மின்சுற்றை இன்னொருவனிடம் காட்டுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். காரை முற்றத்தில் நிறுத்தி, சாவியைத் திருகி வைத்து, ஒல்ஃபாவை முள் பார்க்க உட்கார்த்தினான். அவள் இரண்டு கைகளிலும் மருதாணி வைத்துத் துணி சுற்றியிருந்தது. குத்துச்சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவன் கேட்டான்:

"அசையுதா?"

"எது?"

"முள்ளு."

"இங்க நாலு முள்ளு இருக்கு."

"பெட்ரோல் படம் போட்டது."

"அது நிம்மதியா இருக்கு. ஃபுல்லு."

ஸ்டெப்னி டயரைத் தூக்கினான். கீழே டேங்க்கின் மூடி தெரிந்தது. உள்ளே மிதக்கிற மிதவையின் சேதியை முள்ளுக்குக் கொண்டுபோகும் கம்பி அந்த மூடியில்தான் செருகியிருந்தது. பக்கத்திலேயே, சிவப்பு நூலில் ஒரு பித்தளைக் கை, உள்ளங்கையில் நீலக் கண்ணோடு. கார் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஸக்கியா கண்ணேறு படாதிருக்கக் கட்டியது. முன்கண்ணாடியில் தொங்கவிட்டால் ஏறுகிறவர்கள் எல்லாம், யார் கண்ணுக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆகவே டிக்கி.

லம்ஜெத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கையைப் பதனமாகக் கழற்றி, உதட்டில் ஒற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு கம்பியை உருவினான்.

"விழுந்துடுச்சு அண்ணே. ஒரேயடியா படுத்துடுச்சு."

"நல்லது. முள்ளுல கோளாறு இல்ல, கம்பியிலயும் இல்ல. இந்த முனையிலதான் எங்கயோ." உப்புத்தாள் தேய்த்துத் திரும்பச் செருகினான். "இப்போ?"

"எழுந்து நிக்குது. சிவப்புக்கு மேல ஒரு விரல்."

டேங்க்கில் இருந்ததும் அவ்வளவுதான். லம்ஜெத் நிமிர்ந்து நின்றான். பித்தளைக் கையை இருந்த இடத்திலேயே கட்டி, ஸ்டெப்னியை வைத்து, டிக்கியைச் சாத்தினான்.

"ஃபுல்லு" என்றாள் ஒல்ஃபா.

மறுபடி திறந்தான், கையைக் கழற்றினான், கம்பியையே மாற்றினான். ஒரு விரல். கையைக் கட்டிச் சாத்தினான். ஃபுல்லு. அடுத்த தடவை சந்தேகம் தங்கை மேல் போயிற்று.

"நீ சரியாத்தான் பாக்குறியா?"

"மருதாணி கையில வெச்சிருக்கேன் அண்ணே, கண்ணுல இல்ல."

அவளே இறங்கி வந்தாள். இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு டிக்கியை எட்டிப் பார்த்தாள். "அதை ஏன் திரும்பத் திரும்ப மாட்டுறே?"

"எதை?"

"கையை."

"அதோட இடம் அதுதானே."

சொல்லிவிட்டு அவனே பார்த்தான். ஸ்டெப்னியை வைத்தால் அது கையை அழுத்தும். கையின் ஒரு விரல் கம்பி முனையில், மணிக்கட்டு வண்டியின் தகரத்தில். மிதவை என்ன சொன்னாலும் மின்சாரம் பித்தளை வழியாகக் குறுக்கே போய் முள்ளை ஃபுல்லில் நிறுத்திவிடும். வருஷா வருஷம் இதே படத்தைக் கரும்பலகையில் வரைந்து அம்புக்குறி போடுகிறவன் அவன்.

"பள்ளிக்கூடத்துல சொல்லிடாதே அண்ணே."

"பரீட்சையில கேக்கப் போறேன்."

அம்மா அழைக்கப்பட்டாள். கேட்டுக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் கையைக் கழட்டணுமா?"

"யம்மா, அது டேங்க் ஃபுல்லுன்னு காட்டுது."

"நல்லதைத்தானேடா காட்டுது."

"பொய்யைக் காட்டுது."

"வண்டி நின்னுச்சு, சரி. எங்கயாவது மோதுச்சா?"

லம்ஜெத் டிக்கிக்குள் விரல்களை வைத்து அளந்தான்.

"நாலு விரல் தள்ளிக் கட்டுறேன்மா."

"கட்டின இடத்துலேர்ந்து அதை நகத்தக் கூடாது. அவ வேணா வெள்ளை வண்டியில போகட்டும்."

லம்ஜெத் ஒரு பழந்துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தான். ஒல்ஃபா அதைப் பார்த்தாள்.

"யம்மா, இருந்த இடத்துலயே இருக்கட்டும். ரப்பர் சுத்திடலாம். கம்பியில படாது."

"கண்ணை மூடிட்டா அது எப்படிடி பாக்கும்?"

"கண்ணுக்கு மட்டும் ஓட்டை விடலாம்."

அம்மா யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது.

பழைய சைக்கிள் டியூபை வெட்டி லம்ஜெத் ஒரு கையுறை செய்தான். நடுவில் ஓட்டை. அம்மா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அதுக்குத் தெரியுதா?"

"நல்லா தெரியுதும்மா."

கட்டினான், ஸ்டெப்னியை வைத்தான், சாத்தினான். முன்னாலிருந்து குரல் வந்தது: "ஒரு விரல்." காலி டேங்க்கைப் பார்த்து ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டது.

"அந்த மாமாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள் ஒல்ஃபா, "நாளைக்கு உன் வண்டின்னு."

மறுநாள் மாலை டேங்க் உண்மையிலேயே நிறைந்திருந்தது. பூக்கட்டிய கார் முன்னால், மாமாவின் வெள்ளை வண்டி பின்னால், அதன் பின்னால் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஹாரன் அடித்துக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குப் பழைய துறைமுகத்துப் பக்கம் திரும்ப வேண்டும். லம்ஜெத் திரும்பவில்லை. கடலோரச் சாலையில் நேராக விட்டான்.

"அண்ணே, வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்."

"அப்புறம்?"

"பெட்ரோல் இருக்கு."

பின்னால் வந்தவர்கள் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துத் தொடர்ந்தார்கள். மாமா இன்னும் பலமாக ஹாரன் அடித்தார். ஒல்ஃபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.

"அப்போ மெதுவா போ" என்றாள்.