ஜெயக்கொடியின் பசி வீடு திரும்பிய விதம்

ஜெயக்கொடி வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்த மூன்றாவது வாரம், அவளுடைய பசி எங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு எதிர்வீட்டு மாடி அறைக்குக் குடிபோனது. ஒரு துணிப்பை, ஒரு தட்டு, ஒரு தலையணை. வேறு சாமான் கிடையாது. அந்த வீட்டின் சொந்தக்காரர் தனுஷ்கோடி அண்ணாச்சி அதனிடம் ஆதார் நகல் கேட்டார். ஜெயக்கொடியுடையதைக் கொடுத்தோம். முகஜாடை பொருந்தியிருந்ததால் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜெயக்கொடி என் மனைவி. தபால் ஆபீசில் வேலை. முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறி, நாலு படி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எடை குறைக்கும் ஊசியை நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்து மூன்று கிலோ குறைந்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த மருந்து முழு அளவில் பதினான்கு மாதம் இருந்தது.

அந்தப் பதினான்கு மாதமும் நான் தனியாகச் சாப்பிட்டேன். அவள் பக்கத்தில்தான் உட்காருவாள், அரை இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் இப்போது அழாமல் படி ஏறுகிற மனைவியிடம் எதைப் போய்ச் சொல்ல? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

சர்க்கரை கட்டுக்குள் வந்து, எடையும் ஆறு மாதமாக ஒரே இடத்தில் நின்றபோது, ஊசியை மெதுவாக நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் மெர்லின் சொன்னார். பசியையும் கூட்டிவரச் சொல்லியிருந்ததால் மூன்று பேருமாகப் போயிருந்தோம். பசிக்குத் தனி டோக்கன் போட்டார்கள்.

"ஒரே நாள்ல நிறுத்தக் கூடாதும்மா. படிப்படியா அளவக் குறைப்போம். நீயும் அப்படித்தான் வரணும்" என்று டாக்டர் பசியைப் பார்த்துச் சொன்னார். பசி தலையாட்டியது. முதல் மாதம் மதியம் கால் மணி நேரம். அடுத்த மாதம் அரை மணி. பிறகு காலையும் மதியமும். பசி வந்தால் ஜெயக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், நேரம் முடிந்ததும் எழுந்து போய்விட வேண்டும். ஜெயக்கொடிக்கு முட்டை, சுண்டல், பாசிப்பயறு, தினம் நடை, கைக்கு இரண்டு கிலோ தம்பிள்ஸ். வாரம் ஒருமுறை எடை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஜெயக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வரட்டுங்க, வேண்டாங்கல. மொத்தமா வந்துச்சுன்னா நான் பழையபடி ஆயிருவேன். இன்னொரு தடவ என்னால முடியாது." பசி முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். முந்தி வரும் பஸ்ஸும் பிந்தி வரும் பஸ்ஸும் எனக்கு ஒன்றுதான். இரண்டாலும் சண்டைதான் வரும். ஆகவே பசியின் நேரத்தை நானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் வீட்டுக்கு வந்ததும், ஒன்று பத்துக்கு விசில், ஒன்று இருபத்தைந்துக்கு விசில். மூன்று வாரம் ஒரு நிமிஷம் பிசகவில்லை.

பிசகியது நான்தான். எங்கள் ஊரில் சாப்பாட்டு வேளைக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் இல்லை. கடன் கேட்க வந்தவனையே கை நனைக்கச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்போம். பசியோ விசில் அடித்ததும் எழுந்து, வாசலில் செருப்பைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தெருவைக் கடக்கும். இருபத்திரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மறைவாக அதன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தேன். நான்கு எண்ணெய் பரோட்டா, சால்னா தனியாக.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பசி தலையணையோடு வந்துவிட்டது. சோறு போட்டபின் விருந்தாளி இல்லை, வீட்டாள் என்று அது எடுத்துக்கொண்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று ஜெயக்கொடி பதினோரு இட்லி சாப்பிட்டாள். பிறகு சட்டியில் இருந்த பழைய குழம்பு, அதன் பிறகு ரஸ்க். அதன் பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்து, பிரிட்ஜில் மிச்சமிருந்த இரண்டு ஊசிகளையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ரெண்டையும் சேத்துப் போட்டுக்கிறேன். அது போயிரும்."

பரோட்டா விஷயத்தை அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஊசிய உள்ள வைங்கம்மா" என்றார் டாக்டர் மெர்லின். "நீங்களா கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சாயங்காலம் வாங்க, பாத்துட்டு தேவைன்னா ஒரு படி பின்னால போவோம். தோத்துட்டதா நெனைக்காதீங்க. இது வழியிலயே உள்ளதுதான். சார், நீங்க இனிமே யாருக்கும் பார்சல் வாங்காதீங்க."

ஜெயக்கொடி ஊசிகளைப் பிரிட்ஜில் வைத்தாள். அடுப்படி மூலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்ற பசியைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை.

"ஒன்னக் கண்டா எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றது பசி. "எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதுக்கா. போதும்னு சொன்னா நிறுத்திருவேன். யாரும் சொன்னதில்ல. ஊசி வந்து வெளிய தள்ளிருச்சு, அவ்வளவுதான்."

ஜெயக்கொடி அதைக் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள். பிறகு பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். "சரி. நான் சொல்றேன். நீ கேக்கணும்."

பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிக்கொண்டே தனுஷ்கோடி அண்ணாச்சி தலையணையைத் திரும்ப மாடிக்குத் தூக்கிப் போனார். டாக்டர் சொன்னபடி ஒரு படி பின்னால் போய் ஆறு வாரம் நின்றோம். பிறகு மறுபடி இறங்கினோம். விசிலை ஜெயக்கொடி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் விசிலும் தேவைப்படவில்லை. மூன்றாவது தோசை முடிந்ததும் "போதும்டி" என்பாள். பசி கையைக் கழுவிக்கொள்ளும். சில நாள் கழுவாது, நான்காவதையும் கேட்கும். அந்த நாட்களில் இருவரும் கொஞ்சம் அதிக தூரம் நடந்துவிட்டு வருவார்கள், தம்பிள்ஸை மாற்றி மாற்றித் தூக்குவார்கள். கடைசி ஊசி முடிந்த வாரம் பசி மாடியைக் காலி செய்தது. அன்று மதியம் மூன்று பேரும் உட்கார்ந்து வெண்டைக்காய் புளிக்குழம்பு சாப்பிட்டோம். எனக்குக் கண் கலங்கியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஜெயக்கொடிதான் கதவைத் திறந்தாள். போயிருந்த இருபத்து மூன்று கிலோவில் நான்கு கிலோ, மணப்பாறை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தன. நான்கும் ஒரே எடை என்பதால் எது மூத்தது என்று தெரியவில்லை. முன்னால் நின்றது கையைக் கட்டிக்கொண்டு, தொந்தரவு என்றால் அடுத்த பஸ்ஸுக்கே போய்விடுவதாகச் சொன்னது.

நான் ஜெயக்கொடியைப் பார்த்தேன். அவள் நான்கையும் ஒருமுறை எண்ணினாள்.

"மத்தவங்க?"

"அங்கயே வேலைக்குப் போயிட்டாங்க. வர மாட்டாங்க."

"சரி, வெயில்ல நிக்காம உள்ள வாங்க" என்றாள் ஜெயக்கொடி. பசி போய்ப் பாயை விரித்தது.