தட்டாத கண்ணாடி

எங்கள் வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். குடும்ப ஆலோசனையில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. தினமும் சரியாக நாலு மணிக்கு அவள் அம்மா போன் செய்வார். "சாப்பிட்டியா கண்ணு? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" வாயாடி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பாள். நாங்கள்தான் பதில் சொல்வோம்.

அன்று அவள் முதன்முதலாக ஒரு தம்பதியைத் தனியாகப் பார்த்தாள். உள்ளே இருப்பவர்களுக்கு நான் தெரியாதபடி, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனிக்க வேண்டும். தம்பதியின் மகள் மூன்று வருடங்களுக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. வீட்டில் யாருக்குப் பக்கத்தில் யார், யார் தள்ளி என்று ஆட்களை நிறுத்திக் காட்டும் பயிற்சி ஒன்று உண்டு. மகள் இல்லாததால் வாயாடியே மகளாக நின்றாள். அந்தம்மா அவளை ஜன்னலோரம் கொண்டுபோய் நிறுத்தி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

"இப்படித்தான் நிப்பா" என்றார்.

முடிந்ததும் அந்த வேஷத்தைக் கலைத்தே ஆக வேண்டும். கையை உதறி, தன் பெயரைச் சொல்லி, தான் யார் பெண் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மறந்தால் கண்ணாடியைத் தட்டி ஞாபகப்படுத்துவது என் வேலை. நான் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அறை காலி. சொன்னால் எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் தோலை உரித்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வாயாடி வாயே திறக்கவில்லை. வகுப்பில் ஜன்னலோரமாகவே நின்றாள், முடி காதுக்குப் பின்னால். நாலு மணிக்குப் போன் அடித்தால் பேசாமல் அணைத்தாள். காதல் விவகாரம் என்று நாங்கள் கிண்டல் செய்தோம்.

அடுத்த வாரம் தம்பதி வரவில்லை. மேடம் போன் போட்டார்.

"இனிமே வர வேண்டியதில்லைங்க" என்றார் அந்தம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம். "பொண்ணு தினமும் பேசுறா. செத்த நாய்க்குட்டிய எந்த மரத்தடில புதைச்சோம்னு நாங்களே மறந்துட்டோம், அவ சொல்றா."

நாய்க்குட்டியைப் பற்றி எங்களிடம் யாரும் சொன்னதில்லை. ஜன்னலோரம் நின்ற வாயாடியைக் கவனித்த மேடம் அவள் போனை வாங்கிப் பார்த்தார். அந்தம்மாவின் எண் அதில் 'அம்மா' என்று இருந்தது. தினமும் ஒரு அழைப்பு.

நடந்ததைச் சொல்லிவிட்டேன். மேடம் திட்டக்கூட இல்லை. வாயாடியை அதே அறைக்கு அழைத்துப்போய் நடுவில் நிறுத்தினார்.

"கைய உதறும்மா. உன் பேரச் சொல்லு. யார் பொண்ணுன்னு சொல்லு."

உதறினாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. மணி நாலு. திரையில் பெயர் இல்லை, வெறும் எண். அப்பாடா, பெற்றவள் குரலைக் கேட்டால் சரியாகிவிடும் என்று நானே ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"சாப்பிட்டியா கண்ணு? ஒரு வாரமா ஏன் எடுக்கல?"

"நீங்க யாருங்க?"

எதிர்முனையில் சிரிப்பு. "விளையாடாதடி."

"தப்பான நம்பர்ங்க. எங்கம்மா காலையிலயே பேசிட்டாங்க."

சிரிப்பு நின்றது. பிறகு அழுகை.

வாயாடி போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். இரண்டு வருடமாக மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கனிவான குரலில் கேட்டாள்.

"பாவம், பொண்ணைத் தொலைச்சவங்க போல. அடுத்த வாரம் நம்மகிட்ட வரச் சொல்லலாமா?"